கவிவர் பனாரசிதாசரின் வணிக உறவுகள்

மொகலாயர் ஆட்சியில் ஆக்ரா நகரில் கடை விரித்த சமண வணிகருள் பெருஞ்செல்வர் பலர். ஆலயம் எழுப்பியவர், சங்கம் கூட்டி யாத்திரை சென்றவர், அரண்மனைக்கு மணி விற்றவர் என அவர்கள் வரிசை நீளும். ஆயினும் அந்நகரத்து வணிகருள் சமண உலகம் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக மறவாது போற்றுவது, கையிலெடுத்த முதலைப் பலமுறை தொலைத்துவிட்ட ஒருவரைத்தான். அவரே கவிவர் பனாரசிதாசர். ஆசாரிய குந்தகுந்தரின் சமயசாரத்தை வடநாட்டு மக்கள் மொழியில் நாடகச் செய்யுளாக்கித் தந்தவர் என்ற நிலையிலேயே அவர் பெயர் பெரிதும் வழங்குகிறது.

அவர் 1641ஆம் ஆண்டில், தம் 55ஆம் அகவையில், தம் வரலாற்றைத் தாமே 675 செய்யுட்களில் எழுதி வைத்தார். மனிதனின் முழு ஆயுள் 110 ஆண்டு என்று கணக்கிட்டு, பாதிக் கதை எனப் பொருள்படும் அர்த்தகதானகம் என்று அந்நூலுக்குப் பெயரிட்டார். ஞானி ஒருவரின் வரலாற்றை எதிர்பார்த்து அதனைத் திறப்போருக்கு வியப்பே காத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி வணிகப் பேரேடு போன்றது. எந்த ஊரில் எதை வாங்கினார், எவ்வளவு இழந்தார், எவர் வீட்டில் தங்கினார், எவர் கடன் கொடுத்தார் என்பன ஒளிவுமறைவின்றிப் பதிவாகியுள்ளன. அவற்றைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பொருள் அவரைக் கைவிட்டபோதெல்லாம் ஏதோ ஒரு மனிதர் எதிர்வந்து நின்றிருக்கிறார்.

பனாரசிதாசர் பிறந்தது 1586இல், கோமதி ஆற்றங்கரையிலுள்ள ஜௌன்பூரில். குலம் ஸ்ரீமால் குலம். ரோத்தக் நகருக்கு அருகிலுள்ள பிஹோலி என்னும் சிற்றூர் முன்னோர் ஊராதலின், குடிப்பெயர் பிஹோலியா ஆயிற்று. பாட்டனார் மூலதாஸ் மாளவத்து நர்வர் நகரில் மொகலாய அதிகாரி ஒருவரிடம் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்தார். 1556இல் அவர் இறந்தார். இறந்த உடனே அந்த அதிகாரி அவர் சொத்து முழுவதையும் முத்திரையிட்டு எடுத்துக்கொண்டார். ஐந்து வயதுச் சிறுவன் கரக்சேனும் அவன் தாயும் உடுத்த துணியோடு ஜௌன்பூரிலிருந்த தாயின் பிறந்தகம் சேர்ந்தனர். அந்தக் கரக்சேனே பனாரசிதாசரின் தந்தை.

கரக்சேனின் தாய்வழிப் பாட்டனார் மதன்சிங் மணி வணிகர். மணியின் நீரோட்டத்தையும் குற்றத்தையும் நாணயத்தின் தரத்தையும் பேரனுக்கு அவரே பயிற்றினார். தொழில் கற்ற கரக்சேன் இளமையிலேயே வங்கம் சென்றார். சுலைமான் கர்ரானி ஆண்ட அந்நாட்டில் ராய் தன்னா என்னும் ஸ்ரீமால் குலத்தார் உயர்ந்த பதவியில் இருந்தார். அவர் கீழ் வரிப்பணம் தண்டும் வேலையில் 500 ஸ்ரீமால்கள் இருந்தனராம். ஒரே குலத்தான் என்ற அறிமுகமே போதுமானதாயிற்று. கரக்சேனுக்கு நான்கு பர்கனாக்களின் பொறுப்புக் கிடைத்தது. சம்மேதகிரி யாத்திரை முடித்துத் திரும்பிய ராய் தன்னா திடீரென இறந்தபோது, அந்த 500 பேரும் ஒரே நாளில் திக்கற்றவராயினர். கரக்சேன் ஏழைபோல் கோலம் பூண்டு, காட்டு வழியாக ஜௌன்பூர் வந்து சேர்ந்தார். ஒரே மரத்தில் எல்லாப் பறவையும் கூடு கட்டியதன் விளைவு அது. அதன்பின் அவர் தம் குலத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1569இல் அவர் ஆக்ரா சென்று உறவினர் சுந்தர்தாசுடன் கூட்டுச் சேர்ந்தார். தொழில் செழித்தது. சுந்தர்தாஸ் ஒரே மகளை விட்டு இறந்தார். கரக்சேன் அப்பெண்ணுக்குத் திருமணம் முடித்து, ஊர்ப் பெரியவர்களைச் சான்றாக வைத்து, சுந்தர்தாசின் உடைமை முழுவதையும் அவளுக்கே அளித்துவிட்டு ஜௌன்பூருக்குத் திரும்பினார். கணக்கில் தமக்குச் சாதகமாக ஓர் எழுத்தை மாற்றி எழுத அவருக்கு வாய்ப்பு இருந்தது, தடுக்க ஆளில்லை. இச்செய்தி ஜௌன்பூர்க் கடைத்தெருவுக்கு எட்டாமல் இருந்திருக்குமா? அங்கே அவருக்குக் கூட்டாளியாக அமைந்தவர் ராம்தாஸ் என்னும் அகர்வால் வணிகர். அவர் சைவர். சமயம் வேறாயினும் முத்தும் மாணிக்கமும் வாங்கி விற்கும் தொழிலை இருவரும் ஒன்றாகவே நடத்தினர்.

அக்கால வணிகத்தின் இயல்பை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். உண்டியல் எழுதினால் பல நாள் வழித்தொலைவில் உள்ள ஊரில் பணம் கைமாறும். ஆனால் அந்த உண்டியலை மதித்துப் பணம் தருபவர், எழுதியவரை அறிந்திருக்க வேண்டும். அல்லது எழுதியவரை அறிந்தவரையேனும் அறிந்திருக்க வேண்டும். ஒரு வணிகன் புதிய ஊரின் கடைத்தெருவில் நுழைந்தால் அவன் எவர் மகன், எவர் வீட்டில் இறங்கியிருக்கிறான் என்பவையே முதலில் கேட்கப்படும். அந்த இரண்டு வினாவுக்கும் தக்க விடை உள்ளவனுக்குச் சரக்கு கடனாகக் கிடைக்கும். விடை இல்லாதவன் கையில் வெள்ளி இருந்தாலும் சந்தேகத்துக்கு உரியவனே.

1598இல் ஜௌன்பூர் ஆளுநர் கிலீச் கான் கேட்ட பொருளை நகரத்து மணி வணிகரால் தர இயலவில்லை. அவர்களைப் பிடித்துச் சவுக்கால் அடித்து விட்டார்கள். உயிர் பிழைத்த வணிகர் குடும்பங்கள் திசைக்கொன்றாய் ஓடின. கரக்சேன் மனைவி மக்களோடு மழையில் நனைந்து ஷாஜாத்பூரை அடைந்து, சத்திரத்தில் அழுதுகொண்டிருந்தார். அவ்வூர் வணிகர் கரம்சந்த் அவரை அழைத்துச் சென்று, தம் வீட்டையே ஒழித்துக் கொடுத்தார். தானியமும் பாத்திரமும் படுக்கையும் உள்ளே இருந்தன. கரம்சந்தோ வேறிடத்தில் சென்று தங்கினார். சவுக்கடி பட்டு வந்தவரிடம் அந்நேரத்தில் பெறுவதற்கு என்ன இருந்தது? பத்து மாதங்கள் அக்குடும்பம் அங்கே வாழ்ந்தது. கரக்சேன் பிறகு அலகாபாத் சென்று தொழில் தேட, சிறுவன் பனாரசி ஷாஜாத்பூரில் சோழி வாங்கி விற்றான். முதல் லாபமாகக் கிடைத்த சில்லறையைப் பாட்டியிடம் கொடுத்தான். பாட்டி அதில் இனிப்பு வாங்கிப் பங்கிட்டாள். அவர் வாழ்வில் தடையின்றி முடிந்த வணிகம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

இளமைப் பருவத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். படிப்பிலும் காதலிலும் நாள் கழிந்தது. காதற்சுவை நிறைந்த ஆயிரம் செய்யுட்களை எழுதினார். நோயுற்றார்; தேறினார். துறவிபோல் வந்த ஒருவன் மந்திரம் தந்து, ஓராண்டு உருவேற்றினால் நாள்தோறும் வாசலில் ஒரு பொற்காசு கிடக்கும் என்றதை நம்பி ஓராண்டு காத்திருந்தார். காசு விழவில்லை. 1605இல் அக்பர் இறந்த செய்தி வந்தபோது படிக்கட்டில் அமர்ந்திருந்தவர் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டார். ஊரே கடையடைத்து நகைகளைப் புதைத்தது. ஜஹாங்கீர் அரியணை ஏறிய செய்தி வந்த பிறகே கதவுகள் திறந்தன. அவ்வாண்டிலேயே தம் காதற் செய்யுட்களைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டு அறவழியில் மனம் செலுத்தத் தொடங்கினார்.

1610இல் தந்தை அவர் கையில் முதல் கொடுத்தார். மணிகள், நகைகள், 20 மணங்கு நெய், இரண்டு துருத்தி எண்ணெய், ஜௌன்பூர்த் துணி ஆகியவற்றோடு ஆக்ராவுக்கு அனுப்பினார். சரக்கில் ஒரு பகுதி கடன்பட்டு வாங்கியது. எட்டாவா அருகே பெருமழை பிடித்தது. தங்க இடமின்றி அலைந்து, காவற்காரர் குடிசையொன்றில் இரவைக் கழித்தார். ஆக்ராவில் தங்கையின் கணவர் வீட்டில் இறங்கினார். எண்ணெயும் நெய்யும் துணியும் விற்ற பணத்தை உண்டியல் மூலம் அனுப்பிக் கடன் தீர்த்தார். எஞ்சிய மணிகளே வாழ்வதற்கான முதல். அவற்றுள் சிலவற்றைக் கால்சட்டையின் நாடாவில் முடிந்து வைத்தார். நாடா அறுந்து அவை போயின. மாணிக்கப் பொட்டலத்தை எலி இழுத்துச் சென்றது. நகையொன்றைக் கடனுக்கு வாங்கிய வணிகர் நொடித்துப் போனார். போதாக்குறைக்குக் காய்ச்சலும் வந்தது. தந்தைக்கு எழுதவும் நாணினார். தகவல் பிறர் வழியாகத்தான் ஜௌன்பூர் சென்றது.

கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பகலில் வீட்டில் அடைந்து கிடந்து, இரவில் மதுமாலதி, மிருகாவதி என்னும் காதற் காவியங்களை உரக்கப் படித்தார். கேட்பதற்குப் பத்துப் பேர், இருபது பேர் என வந்து கூடினர். அவர்களுள் ஒருவர் கச்சோரி விற்பவர். பனாரசி அவரிடம் நாள்தோறும் கச்சோரி கடனுக்கு வாங்கி உண்டார். சில நாட்களுக்குப் பின், கூச்சம் தாங்காமல், தம்மிடம் ஒன்றுமில்லை, இனிக் கொடுக்க வேண்டாம் என்று தனிமையில் சொல்லிவிட்டார். கச்சோரிக்காரரோ, 20 ரூபாய் வரை உண்டு கொள்ளலாம், எவரும் கேட்கமாட்டார்கள் என்று அவருக்கு ஆறுதல் கூறினார். ஆறேழு மாதம் இவ்வாறு நடந்தது.

கொடுக்கல் வாங்கலில் அனுபவப்பட்ட எவரும் இவ்விடத்தில் சற்று நிற்பர். பனாரசி தம் நிலையை மறைத்து, நாளை வரும் நாளை வரும் என்று சொல்லிக்கொண்டே உண்டிருந்தால் அந்தக் கடனும் சில வாரங்களில் நின்றிருக்கும். இல்லை என்பதைத் தாமே முந்திச் சென்று சொன்னார். அதுவே அவருக்குப் பிணையாயிற்று. சாதி, குலம், தந்தை பெயர் எதுவும் அங்கே விசாரிக்கப்படவில்லை. இரவுதோறும் ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட பழக்கம் ஒன்றே இருவருக்கும் இடையிலான தொடர்பு.

கதை கேட்க வந்தவருள் தாராசந்த் என்னும் மாமனார் வழி உறவினரும் ஒருவர். அவர் பனாரசியைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு மாதம் வைத்திருந்தார். அதன்பின் ஓசவால் வணிகர் குடும்பம் ஒன்றின் இளையவரான தரம்தாசுடன் கூட்டு அமைந்தது. தரம்தாஸ் அபினிப் பழக்கமும் ஊதாரித்தனமும் உடையவர். அவருக்குத் துணை நின்று வழிநடத்தத் தக்கவர் எனக் கருதி, குடும்பத்தார் 500 ரூபாய் முதல் கொடுத்தனர். இருவரும் மாணிக்கமும் மணியும் தேடி நகரெங்கும் அலைந்து வாங்கி விற்றனர். கையில் பணம் வந்ததும் பனாரசி முதலில் தேடிச் சென்றது கச்சோரிக்காரரை. 14 ரூபாய்க் கணக்கு, முழுவதையும் தீர்த்தார். இரண்டாண்டு முடிவில் கூட்டுக் கணக்கைப் பார்த்தபோது 200 ரூபாய் ஈட்டியிருந்தது. செலவும் 200 ரூபாயே. கூட்டு பிரிந்தது.

வெறுங்கையோடு ஆக்ராவை விட்டுக் கிளம்பியவர் வழியில் கிடந்த ஒரு முடிப்பில் எட்டு முத்துகளைக் கண்டெடுத்தார். அவற்றை இடுப்பில் முடிந்துகொண்டு மனைவியின் ஊராகிய கைராபாத் சென்றார். இரவில் மனைவி தொழில் எப்படி என்று கேட்க, சமாளிக்கப் பார்த்தவர் இறுதியில் உண்மையைச் சொன்னார். அவள் தான் சேர்த்து வைத்திருந்த 20 ரூபாயை எடுத்து வந்து கொடுத்தாள். மறுநாள் தன் தாயிடம் எவரும் அறியாமல் பேசினாள். தாய் 200 ரூபாய் தந்தாள். அக்காலத்து வணிகக் குடும்பங்களின் பேரேடுகளில் பெண்களின் பெயர் காணப்படுவது அரிது. ஆயினும் பனாரசிதாசரின் இரண்டாம் வணிகத்துக்கு முதல் தந்தவர்கள் இந்த இரு பெண்களே. அவர் அதை மறைக்காமல் எழுதினார். அப்பணத்தில் துணியும் முத்தும் வாங்கி மீண்டும் ஆக்ரா சென்றார். துணியில் நட்டம், முத்தில் லாபம். அந்த மனைவி நெடுநாள் வாழவில்லை. அவள் இறந்த செய்தியையும், அவள் தங்கையை மணம் முடித்துத் தர இசைந்த செய்தியையும் ஒரே நாவிதர் ஒரே வேளையில் கொண்டுவந்தார்.

இக்காலத்தில்தான் நரோத்தம்தாஸ், தான்மல் என்னும் இரு நண்பர்கள் வாய்த்தனர். மூவரும் ஒன்றாகவே ஆலயம் செல்வர், உண்பர், திரிவர். நரோத்தம் வழியாகவே பனாரசிக்குச் சபல்சிங் என்னும் பெருவணிகரின் தொடர்பு ஏற்பட்டது. சபல்சிங்கின் முதலைக் கொண்டு கிழக்கு நாட்டில் வாங்கி விற்க இருவரும் பாட்னா நோக்கிப் புறப்பட்டனர். நரோத்தமின் மாமனாரும் உடன் வந்தார்.

வழியில் ஒருநாள் நிலவொளியை விடியல் என்று எண்ணி நள்ளிரவில் புறப்பட்டுவிட்டனர். காட்டில் வழி தவறிற்று. சுமைகாரன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். மூவரும் சுமந்து நடந்து ஓரூரை அடைந்தால், அது திருடர்களின் ஊர்! தலைவன் யார் என்று அதட்டியதும் பனாரசி வடமொழிச் சுலோகம் ஒன்றைச் சொல்லி வாழ்த்தினார். அந்தணர் என்று எண்ணிய தலைவன் வணங்கித் தங்க இடம் கொடுத்தான். மூவரும் இரவோடிரவாகத் துணியிலிருந்து நூலெடுத்துப் பூணூல் திரித்து அணிந்து, மண் குழைத்து நெற்றியிலிட்டனர். காலையில் தலைவனே உடன் வந்து வழிகாட்டினான். பொய் அடையாளம் அன்று உயிரைக் காத்தது உண்மைதான். அந்த அச்சமோ நூலில் எழுதும் நாள் வரை அவரை விட்டு நீங்கவில்லை.

கிழக்கு நாட்டில் இருந்தபோது நரோத்தமுக்கு அவர் வீட்டாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கரக்சேனும் பனாரசியும் நேர்மையற்றவர்கள், அவர்களோடு சேர்ந்தால் பிச்சையெடுக்க நேரும், கூட்டை விட்டுவிடு என்பது அதன் சாரம். எவரோ தூபம் போட்டிருக்க வேண்டும். நரோத்தம் அக்கடிதத்தை ஒளிக்கவில்லை. கண்ணீரோடு பனாரசியின் கையிலேயே கொடுத்தார். கூட்டாளியைப் பற்றி வந்த புறங்கூற்றைக் கூட்டாளியிடமே காட்டத் துணிபவர் எத்தனை பேர்? அவ்வொரு செயலால் நெகிழ்ந்த பனாரசி, நரோத்தமின் குணங்களைப் புகழ்ந்து ஒரு செய்யுள் இயற்றினார். பாணன்போல் அதை நாளும் ஓதி வந்தார்.

ஜௌன்பூரில் அப்போது அதிகாரத்தில் இருந்தவர் சீனி கிலீச் கான். முன்பு மணி வணிகரைச் சவுக்கால் அடிப்பித்த கிலீச் கானின் மகன். அவர் பனாரசியின் புலமையைக் கேள்வியுற்று அழைத்து, நாமமாலை முதலிய நூல்களை அவரிடம் பாடம் கேட்டார். தந்தையின் கொடுமையை மனத்தில் வைத்து விலகாமல் மகனுக்கு நூல் சொல்லித் தந்தது பனாரசியின் இயல்பைக் காட்டும். அந்நட்பால் அவர் பெரிதாக எதையும் ஈட்டியதாகத் தெரியவில்லை. அவர் இறந்தபின் ஆகா நூர் என்னும் கொடியவர் வந்தார்; வணிகர்கள் மீண்டும் ஓடினர்.

1616இல் தந்தை கரக்சேன் காலமானார். துக்கம் ஆறுமுன்னரே சபல்சிங்கிடமிருந்து கணக்கை முடிக்க வருமாறு கடிதம் வந்தது. ஆக்ரா நோக்கிப் புறப்பட்டபோது வழித்துணையாகப் பலர் சேர்ந்து மொத்தம் 19 பேர் ஆயினர். மதுராவைச் சேர்ந்த அந்தணரும் அவர்களுள் உண்டு. குர்ரா என்னும் ஊரில் அந்தணர் ஒருவர் காசு மாற்றச் சென்றார். சராப்பு அது கள்ளக்காசு என்று கூச்சலிட்டான். கொத்தவாலும் ஆட்களும் வந்து, 19 பேரும் கள்ளக்காசுக் கூட்டம் என்று முடிவு செய்தனர். விடிந்தால் கழுவேற்றம். காலையில் 19 கழுமரங்கள் வந்து இறங்கின.

இந்த ஊரில் உன்னை அறிந்தவர் யார் என்ற வினா இம்முறை உயிர் வினாவாயிற்று. அவ்வேளையில் உடன் வந்தவர் ஒருவருக்கு நினைவு வந்தது: அருகிலுள்ள பாரி என்னும் ஊரில் பனாரசியின் தம்பிக்குச் சம்பந்தம் செய்த குடும்பம் உள்ளது. ஆள் சென்று விசாரித்தது. இவர்கள் ஜௌன்பூரின் நன்மக்கள் என்று பாரியிலிருந்து சான்று வந்ததும் கொத்தவால் பணிந்து விடுவித்தார். எவ்வளவு வெள்ளி கொடுத்தாலும் அன்று அந்தச் சான்றை விலைக்கு வாங்கியிருக்க இயலாது. என்றோ நடந்த ஒரு திருமண உறவு, எதிர்பாராத இடத்தில் 19 உயிர்களைக் காத்தது.

ஆக்ராவில் வேறு வகைச் சோதனை. சபல்சிங்கின் மாளிகையில் ஓயாத இசையும் கூத்தும். பாடகரும் முகத்துதி பாடுவோரும் சூழ அமர்ந்திருந்த அவர், கணக்கு என்ற பேச்சை எடுத்தாலே நாளை என்பார். மாதங்கள் கழிந்தன. கடன்பட்டவரைவிடக் கணக்கை முடிக்க விரும்புகிறவர் படும் துன்பம் பெரிது என்பதை அந்நாட்களில் பனாரசி கண்டார். இறுதியில் அவர் தம் நண்பரும் சபல்சிங்கின் உறவினருமான செல்வர் ஒருவரிடம் நிலைமையைச் சொன்னார். அந்த மனிதர் ஒரே நாளில் கணக்கை எடுக்கச் செய்து, கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தை வாங்கிக் கொடுத்தார். மாதக்கணக்காக வாசலில் நின்றவருக்குத் திறவாத கதவு, உள்வீட்டு மனிதர் ஒருவரின் சொல்லுக்குத் திறந்தது. பரிந்துரை என்பதன் வலிமையையும், அது இல்லாதவர் படும் பாட்டையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி இது.

அவ்வாண்டில் ஆக்ராவில் கட்டி நோய் பரவிற்று. எலிகள் செத்து விழுந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பனாரசியும் ஒரு சிற்றூரில் தங்கியிருந்து பின் திரும்பினார். அதன்பின் பெரும்பாலும் ஆக்ராவிலேயே வாழ்ந்தார். வணிகம் ஒருவாறு நிலைபெற்றது. மூன்று முறை மணம் புரிந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்தன, ஒன்பதும் இறந்தன. அத்துயரை நூலில் அவர் சொல்லும் சுருக்கம் படிப்போர் நெஞ்சை உலுக்கும்.

வணிகத் தெருவில் தேடிய உறவுகள் அவருக்குத் தந்த பெருஞ்செல்வம் 1623இல் வந்தது. அரத்மல் என்னும் ஆன்மிக நாட்டமுடைய அன்பர், ராஜமல்லர் உரையோடு கூடிய சமயசாரத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பொன்னூர் மலையில் தவமியற்றியவர் என்று தமிழ்ச் சமணர் திருவடி வைத்து வணங்கும் குந்தகுந்தரின் நூல், தென்னாட்டிலிருந்து பல நூற்றாண்டு வழிநடந்து, அன்பர் ஒருவரின் கை வழியாக நட்டப்பட்ட ஒரு மணி வணிகரை அடைந்தது. படித்த வேகத்தில் பனாரசி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நிச்சய நயத்தை மட்டும் பற்றிக்கொண்டு பூசை, விரதம் அனைத்தையும் எள்ளினார். தாமும் மூன்று நண்பர்களும் ஓர் அறையில் ஆடையின்றி நடந்து, தாங்களே முனிவர் என்று விளையாடிய செய்தியையும் அவரே எழுதியுள்ளார். ஒத்த கருத்துடையோர் மட்டுமே கூடும் வட்டத்துக்கு நேரும் இடர் அது; திருத்துவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

1635இல் பண்டிதர் ரூப்சந்த் ஆக்ராவுக்கு வந்து, வணிகர் ஒருவர் கட்டிய ஆலயத்தில் தங்கிக் கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். கோம்மடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயருக்காக நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய நூல் அது. குணஸ்தானங்களின் படிநிலையைக் கேட்ட பனாரசி, அந்தந்தப் படியில் அந்தந்த ஒழுக்கம் வேண்டும் என்று தெளிந்தார். நிச்சயமும் விவகாரமும் அவருள் இணங்கின. மறு ஆண்டு, 1636இல், சமயசார நாடகம் நிறைவுற்றது.

ஆக்ராவில் நாள்தோறும் கூடி ஆன்மிகம் பேசிய அவ்வட்டத்தில் கன்வர்பால், சதுர்புஜ், பகௌதிதாஸ் முதலியோர் இருந்தனர். இவ்வட்டத்துக்கு உறுப்பினர் பதிவும் கட்டணமும் கிடையா. ஒருவர் மற்றொருவரை அழைத்து வருவார். வந்தவர் அமர்ந்து கேட்பார். முன்பு காதற் காவியம் கேட்க இரவில் கூடிய கூட்டத்துக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு பெரிதில்லை. படிக்கப்பட்ட நூலே மாறியிருந்தது.

அர்த்தகதானகத்தின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் இரு பத்தி எழுதிய கணக்குப்போல் அவர் எதிரெதிரே வைத்தார். இனிய சொல், பொறுமை, பிறருக்கு நல்ல யோசனை கூறுதல் ஆகியவை வரவில். பொருளாசை, விரதத்தில் உறுதியின்மை, கூட்டத்தை மகிழ்விக்கப் பொய்யும் சேர்த்துச் சொல்லுதல், தனியே இருக்கும்போது ஆடத் தொடங்கிவிடுதல் ஆகியவை செலவில். எஞ்சிய பாதிக் கதையை எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நூலை முடித்த சில ஆண்டுகளுக்குள் மறைந்தார். அவருக்குப் பின் வட்டத்தைக் கன்வர்பால் நடத்தினார். சிதறிக் கிடந்த அவர் பாடல்களை ஆக்ராவின் ஜகஜீவன் என்னும் அன்பர் தேடித் தொகுத்து, 1644இல் பனாரசி விலாசம் என்னும் பெயரில் நூலாக்கினார்.